வெளிநாட்டுப் பரீட்சைக் கணக்கைத் தமிழில் மாற்றினேன்: 28 சரியா, 29 சரியா?

திண்ணைக்கணக்கு எழுதியது:

வணக்கம். நான் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பி.எஸ்.சி. கணிதம் முடித்த கையோடு கல்யாணமாகி, பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமத்துக்கு வந்தவள். 2021 கடைசியில் தமிழக அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் ஆரம்பித்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினாலு பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். ஆறாவதிலிருந்து எட்டாவது வரை. கரண்ட் போனால் பதினைந்து, என் மகளும் வந்துவிடுவாள்.

பிள்ளைகள் புத்தகக் கணக்கை நன்றாகவே போடுகிறார்கள். ஆனால் அதே கணக்கில் எண்ணை மாற்றிக் கொடுத்தால், “மிஸ், இது புக் பேக்ல இல்லையே” என்கிறார்கள். கைடில் விடை இல்லாத கணக்கு வேண்டும் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அமெரிக்காவின் ‘நேப்’ தேர்வுக் கேள்விகள் கண்ணில் பட்டன. அங்கே 1969 முதல் நடக்கிற தேசிய அளவிலான தேர்வாம். எல்லாப் பிள்ளைகளும் எழுதுவதில்லை, ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுத்து எழுத வைக்கிறார்கள். தனிப்பட்ட பிள்ளைக்கு மார்க் கிடையாது. தேர்வு முடிந்ததும் கேள்விகளில் ஒரு பங்கை அவர்களே இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். விடை, திருத்தும் முறை, எத்தனை சதவீதம் பேர் எந்த விடையைக் குறித்தார்கள் என்பது உட்பட. நம் ஊரில் ரிசல்ட் வந்ததும் பேப்பரைப் பழைய புத்தகக் கடையில் போட்டுவிடுவோம். இவர்கள் தப்பைக்கூட எண்ணி வைத்திருக்கிறார்கள்!

முதலில் எடுத்தது ஒரு பழைய கேள்வி. 1970-களின் கடைசியில் பதிமூன்று வயதுப் பிள்ளைகளிடம் கேட்டது. 12/13 + 7/8, இதன் தோராய மதிப்பு என்ன? விடைகள்: 1, 2, 19, 21. ‘தெரியவில்லை’ என்றும் ஒரு கட்டம் உண்டு. இரண்டு பின்னமும் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு, ஆக மொத்தம் 2. அவ்வளவுதான். அங்கே 2 என்று சொன்னவர்கள் 24 சதவீதம். 19 என்று 28 சதவீதம் பேர், 21 என்று 27 சதவீதம் பேர்.

என் திண்ணையில் ஏழு பேர் 21, நாலு பேர் 19, இரண்டு பேர் 2. பதினாலாவது ஆள், எட்டாவது படிக்கிற பெண், மீ.பொ.ம. 104 என்று கண்டுபிடித்து, 96-ஐயும் 91-ஐயும் கூட்டி 187/104 வரைக்கும் வந்துவிட்டாள். ஒரு எழுத்துப் பிசகில்லை. ஆனால் “ஆப்ஷன்ல இது இல்ல மிஸ்” என்று அழாத குறை. கணக்கை முழுசாகச் சரியாகப் போட்டவளுக்கு அது 2-க்குப் பக்கம் என்பது மட்டும் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த நாள் பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று 1/2 + 1/3 என்று மாற்றி, விடைகளாக 1, 2, 3, 5 என்று கொடுத்தேன். பன்னிரண்டு பேர் சரியாகக் குறித்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் எப்படிப் போட்டாய் என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒரு பயல் மட்டும், “சின்ன நம்பரா இருந்துச்சு மிஸ், அதான் சின்ன ஆன்சர்” என்றான்.

சரி, இப்போது என் தலைவலிக்கு வருகிறேன். அதே நேப்பில் 1980-களின் தொடக்கத்தில் கேட்ட கேள்வி. ராணுவ பஸ் ஒன்றில் 36 வீரர்கள் உட்காரலாம். 1,128 வீரர்களைப் பயிற்சிக்குக் கூட்டிப்போக எத்தனை பஸ் வேண்டும்? வகுத்தால் ஈவு 31, மீதி 12. ஆக 32 பஸ். அங்கே எழுபது சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் 32 என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான். 29 சதவீதம் பேர் “31 மீதி 12” என்றே எழுதிவிட்டார்கள். பஸ்ஸில் மீதி எப்படி வரும் என்று யோசிக்கவில்லை.

ராணுவம், பயிற்சி முகாம் எல்லாம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று நினைத்து, ஊர்க் கணக்காக மாற்றினேன். இங்கே இப்போது குறுவை அறுவடை. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவியல் குவியலாகக் கிடக்கிறது, மேலே தார்ப்பாய். பிள்ளைகள் அந்த வழியாகத்தான் டியூஷனுக்கு வருகிறார்கள். அதனால், “1,128 கிலோ நெல் இருக்கிறது. ஒரு சிப்பம் 40 கிலோ. எத்தனை சிப்பம்?” என்று எழுதிப் போட்டேன். வகுத்தால் 28, மீதி 8 கிலோ. நான் எதிர்பார்த்த விடை 29.

ஏழாவது படிக்கிற ஒரு பையன் 28 என்று எழுதினான். தப்பு போட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவன் தாத்தா வந்தார், கையில் அந்த நோட்டோடு. மூன்று மா நிலத்தில் சொந்தமாகச் சாகுபடி செய்கிறவர். திண்ணையில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

“ஏம்மா, சென்டர்ல நாப்பது கிலோவுக்கு எடை போட்டுச் சாக்கைத் தைக்கிறான். எட்டு கிலோவை ஒரு சாக்குல கட்டிக்கிட்டுப் போனா எடுத்துக்குவானா? இருபத்தெட்டு சிப்பம் போட்டுட்டு, எட்டு கிலோவை வீட்டுக்குத்தான் கொண்டாரணும். பையன் சரியாத்தானே எழுதியிருக்கான்?”

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. தப்பை அடித்துச் சரி போட்டுக் கொடுத்தேன். ஆனால் 29 எழுதிய ஒன்பது பேரை என்ன செய்வது?

அதனால் கேட்கிறேன். இந்தக் கேள்விகளை நம் ஊருக்கு மாற்றும்போது எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது? இன்னொன்று, இப்படித் தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது சட்டப்படி தப்பா? பதினாலு பிரதிதான். ஆனால் பக்கத்து ஊரில் இரண்டு தன்னார்வலர்கள் தங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள்.

---

சாக்பீஸ்தூள் எழுதியது:

அம்மா, நான் மன்னார்குடி பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு பி.டி. ஆசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவன். தாத்தாவுக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

28-ம் சரி, 29-ம் சரி. தப்பு கேள்வியில். “எத்தனை சிப்பம்?” என்று மொட்டையாக நிறுத்திவிட்டீர்கள். எத்தனை சிப்பம் போடலாம் என்றால் 28. எல்லா நெல்லையும் கட்ட எத்தனை சாக்கு வேண்டும் என்றால் 29. பஸ் கணக்கில் இந்தக் குழப்பம் வராது. ஆளை வழியில் விட்டுவிட்டுப் போக முடியாது, அதனால் மீதி எவ்வளவு இருந்தாலும் இன்னொரு பஸ் வேண்டும். நெல்லை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரலாம். நீங்கள் வீரர்களை நெல்லாக மாற்றியபோது பெயர் மட்டுமா மாறியது, மீதியின் தலையெழுத்தே மாறிவிட்டது. கேள்வியின் உயிர் அந்த மீதியில்தான் இருக்கிறது.

ஆனால் இந்த விபத்தை வீணாக்காதீர்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுங்கள். அதே 1,128, அதே 40. ஒன்றில் நெல், கொள்முதல் நிலையத்தில் முழுச் சிப்பம் மட்டும்தான். இன்னொன்றில் கல்யாணச் சாப்பாடு, ஒரு பந்தியில் 40 பேர், 1,128 பேர் சாப்பிட வேண்டும். ஒன்றில் 28, மற்றதில் 29. ஒரே வகுத்தல், இரண்டு விடை. ஏன் என்று பிள்ளைகளே சண்டை போடட்டும். அமெரிக்கக்காரன் கேள்வியில்கூட இது இல்லை. தாத்தா கொடுத்தது.

பின்னக் கணக்குக்கு வருகிறேன். 1/2 + 1/3 என்று மாற்றினீர்களே, அங்கேதான் ஆளைக் கொன்றுவிட்டீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் முப்பது வருஷம் இதைத்தான் செய்தேன். அந்த நாலு விடையைப் பாருங்கள். 19 எங்கிருந்து வந்தது? 12 + 7. 21? 13 + 8. தொகுதியை மட்டும் கூட்டியவனுக்கு ஒரு கட்டம், பகுதியை மட்டும் கூட்டியவனுக்கு ஒரு கட்டம். தப்பு விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தப்பு யோசனை நடந்து வந்து சேருகிற வீடு. உங்கள் 1, 2, 3, 5-ல் 2-ம் 5-ம் அதே வழியில் வரும்தான், சரி. ஆனால் எண்கள் சின்னதாகிவிட்டதால் சின்னதாக ஒன்றைக் குறித்தாலே போதும் என்றாகிவிட்டது. அந்தப் பயல் சொன்னதுதான் உண்மை.

13-ம் 8-ம் சும்மா பொறுக்கிய எண்கள் இல்லை. மீ.பொ.ம. எடுக்கக் கை வலிக்கட்டும், அப்போதாவது அளவைப் பார்த்துச் சொல்லத் தோன்றும் என்பதற்காகப் போட்டிருப்பார்கள். உங்கள் எட்டாம் வகுப்புப் பெண் கை வலியைப் பொறுத்துக்கொண்டு போய்விட்டாள், கெட்டிக்காரி! அவளிடம் 187 ரூபாயை 104 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குக் கிட்டத்தட்ட எவ்வளவு வரும் என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாள்.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். மொழிபெயர்ப்பதற்கு முன்னால், தப்பு விடை ஒவ்வொன்றின் பக்கத்திலும் “இது எப்படி யோசித்தால் வரும்?” என்று பென்சிலால் எழுதுங்கள். எழுத முடிந்தால், எண்ணை மாற்றும்போது அந்தத் தப்பு விடையையும் கூடவே மாற்றத் தெரியும். எழுத முடியாவிட்டால் எண்ணைத் தொடாதீர்கள்.

நேப்பிலேயே இன்னொன்று இருக்கும், தேடிப் பாருங்கள். உடைந்த ஸ்கேல் மேல் ஒரு பல்குத்தும் குச்சி. ஒரு முனை 8-ல், மறு முனை 10½-ல். நீளம் என்ன? நாலாம் வகுப்பில் ஐந்தில் ஒரு பிள்ளைதான் 2½ என்றது. 8, 9, 10 என்று கோடுகளை எண்ணி 3½ என்பவர்கள் உண்டு, முனையைப் பார்த்து 10½ என்பவர்கள் உண்டு. தமிழில் போடும்போது பல்குத்தும் குச்சியை ஈர்க்குச்சி ஆக்கிக்கொள்ளுங்கள், தென்னந்துடைப்பத்திலிருந்து உருவி நேரிலேயே வைக்கலாம். ஆனால் சுத்தமாக இருக்கட்டும் என்று குச்சியை 0-லிருந்து வரைந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படி வரைந்து, நாற்பது பிள்ளைக்கு நாற்பதும் சரியென்று பெருமையாக ஸ்டாஃப் ரூமில் சொன்னவன்.

பின்னத்துக்கு இன்னொரு வழி, இது என் கிறுக்கு. தாத்தாவுக்கு ‘மூன்று மா’ நிலம் என்றீர்களே. நம் பழைய கணக்கில் மா என்றால் இருபதில் ஒன்று. ஒரு வேலிக்கு இருபது மா. தஞ்சாவூர்ப் பிள்ளைக்கு 1/20 என்பது காகிதத்தில் வருவதற்கு முன்னால் வரப்பில் கிடக்கிறது. 19 மாவும் 18 மாவும் சேர்த்தால் எத்தனை வேலி, தோராயமாக? 12/13 + 7/8-ன் சித்தப்பா பையன் இது.

---

கும்பகோணம்_ஜெராக்ஸ் எழுதியது:

அக்கா, சட்டக் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை. கைடு அடிக்கிறவர்கள் வந்து போகிற இடம்.

நேப் என்பது அமெரிக்க அரசாங்கத்தின் சொந்த வேலை. அவர்கள் ஊர்ச் சட்டப்படி அரசாங்கம் தயாரித்ததற்குக் காப்பிரைட் கிடையாது. கணக்குக் கேள்விகளில் பெரும்பாலும் தொல்லை இல்லை. வாசிப்புத் தேர்வில் யாரோ எழுதிய கதையை எடுத்துப் போட்டிருப்பார்கள், அது அந்த எழுத்தாளருடையது. ‘டிம்ஸ்’ கதை வேறு. 1995 முதல் நாலு வருஷத்துக்கு ஒருமுறை பல நாடுகளில் நாலாவது, எட்டாவது பிள்ளைகளுக்கு நடக்கிற கணக்கு, அறிவியல் தேர்வு. அதை ஐ.இ.ஏ. என்ற அமைப்பு வைத்திருக்கிறது, காப்பிரைட்டும் அவர்களுடையது. வெளியிட்ட கேள்விகளைப் பாடம் நடத்தவும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தலாம், எங்கிருந்து எடுத்தது என்று போட வேண்டும், காசுக்கு விற்கக் கூடாது. பல நாட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் எழுதுகிற ‘பீசா’ தேர்வை நடத்துவது ஓ.இ.சி.டி. என்ற நாடுகளின் அமைப்பு. அங்கேயும் எடுத்த இடத்தைப் போட்டுவிடுங்கள், எதற்கு வம்பு.

பதினாலு பிரதியும் பக்கத்து ஊருக்கு முப்பது பிரதியும் யாருக்கும் உறுத்தாது. தாளின் அடியில் ஒரு வரி, எந்தத் தேர்வு, எந்த வருஷம், தமிழில் மாற்றியது நீங்கள் என்று. போன வருஷம் ஒருவர் டிம்ஸ் கேள்விகளை அப்படியே தமிழில் போட்டு, அட்டையில் தன் படத்தோடு ‘ஒலிம்பியாட் வழிகாட்டி’ என்று அடிக்கக் கொண்டுவந்தார். விலை 180 ரூபாய். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன், “சொந்தச் சிந்தனை” என்றார். உள்ளே பிள்ளைகள் பெயரைக்கூட மாற்றவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன். வேறு எங்கேயாவது அடித்திருப்பார்.

ஒன்று மட்டும் கவனம். வெளியிட்ட கேள்வி வேறு, வாட்ஸாப்பில் ‘லீக்’ என்று சுற்றுகிற கேள்வி வேறு. இந்தத் தேர்வுகளில் எல்லாக் கேள்வியையும் வெளியிட மாட்டார்கள். ஒரு பகுதியைப் பூட்டி வைத்து அடுத்த முறையும் அதையே கேட்பார்கள், அப்போதுதான் நாலு வருஷத்தில் பிள்ளைகள் முன்னேறினார்களா இல்லையா என்று ஒப்பிட முடியும். பூட்டியதை யாராவது அனுப்பினால் தொடாதீர்கள்.

---

சவுக்குத்தோப்பு எழுதியது:

வேதாரண்யத்திலிருந்து. சாக்பீஸ்தூள் சார் சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஊருக்கு மாற்றினாலே கெட்டுப்போகும் என்று டீச்சர் பயந்துவிட வேண்டாம். சில கேள்விகள் நம் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கும்.

பீசாவில் ஆப்பிள் மரக் கணக்கு ஒன்று. விவசாயி ஆப்பிள் மரங்களைச் சதுரமாக நடுகிறார். காற்றிலிருந்து காப்பாற்றத் தோட்டத்தைச் சுற்றி ஊசியிலை மரம் வைக்கிறார். ஒரு வரிசை ஆப்பிள் என்றால் ஒரு மரம், சுற்றி 8. இரண்டு வரிசை என்றால் 4 மரம், சுற்றி 16. மூன்று என்றால் 9, 24. இப்படியே பட்டியல் போட்டு, எப்போது இரண்டும் சமமாகும், தோட்டம் பெரிதாகப் பெரிதாக எது வேகமாகக் கூடும் என்று கேட்பார்கள். உள்ளே n × n, வெளியே 8n. எட்டு வரிசையில் இரண்டும் 64. அதற்கு அப்புறம் உள்ளே இருப்பது ஓடிவிடும்.

எங்கள் பக்கம் ஆப்பிளுக்குப் பதில் தென்னையோ மாவோ, ஊசியிலை மரத்துக்குப் பதில் சவுக்கு. கடற்காற்றுக்குச் சவுக்கு வைப்பது எங்களுக்குப் பழக்கம். படத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை, புள்ளியும் பெருக்கல் குறியும்தான். நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தபோது ஒரு பெண், “சவுக்கு இருந்தும் கஜாவுல எல்லாம் போச்சே சார்” என்றாள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அடித்த அந்தப் புயலில் அவள் வீட்டுத் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. அவள் அப்போது ரொம்பச் சின்னப் பிள்ளை, வீட்டில் பேசிப் பேசி மனதில் நின்றிருக்கிறது. அன்றைக்குப் பாதி வகுப்பு கணக்கு நடக்கவில்லை, புயல் கதைதான். அப்புறம் அவளே, “பெரிய தோப்புன்னா உள்ள நிறைய மரம், சுத்தி இருக்கிற சவுக்கு அதுக்குப் பத்தாது, அதானே கணக்கு?” என்றாள். கேள்வித்தாளில் “எது வேகமாகக் கூடும், விளக்குக” என்பதற்கு இதைவிட நல்ல விடை எங்கே கிடைக்கும்? n-உம் வரவில்லை, 8n-உம் வரவில்லை. முழு மார்க் போட்டேன்.

மாற்ற முடியாததும் உண்டு. அதே பீசாவில் பீட்சா கணக்கு. ஒரே தடிமன், 30 செ.மீ. விட்டம் 30 ‘செட்’, 40 செ.மீ. விட்டம் 40 ‘செட்’, எது லாபம்? செட் என்பது அவர்கள் கற்பனைப் பணம், எந்த நாட்டுப் பிள்ளைக்கும் சாதகமாகிவிடக் கூடாது என்று. நான் இதைத் திருவையாறு அசோகா அல்வா ஆக்கப் பார்த்தேன். எடை போட்டல்லவா விற்கிறார்கள்! கல் தோசை ஆக்கினேன். “சார், 40 செ.மீ. தோசைக்கு எந்தக் கடையில கல்லு இருக்கு?” என்றான் ஒருத்தன். கடைசியில் பீட்சாவாகவே விட்டுவிட்டேன். டிவியில் பார்த்திருக்கிறார்கள், போதும்.

---

எட்டாவது_அப்பா எழுதியது:

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. என் மகனுக்கு என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு வருகிறது. தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாதம் ஆயிரம் ரூபாய். எங்களுக்கு அது பெரிய பணம். மனத்திறன் 90 கேள்வி 90 நிமிடம், படிப்பறிவு 90 கேள்வி 90 நிமிடம். நிமிடத்துக்கு ஒரு கேள்வி. ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் புயல் கதை பேசினால் எப்படி?

---

சாக்பீஸ்தூள் எழுதியது:

நியாயமான கேள்வி. உங்கள் மகனுக்குப் பழைய என்.எம்.எம்.எஸ். தாள்களைக் கொடுங்கள், கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். அதற்கு அதுதான் மருந்து. நேப், டிம்ஸ் கேள்விகளை அதோடு கலக்காதீர்கள், பாடத்திட்டமும் வேறு, கேட்கும் விதமும் வேறு. வாரத்தில் ஆறு நாள் உங்கள் தாள். ஒரு நாள் டீச்சர் திண்ணையில் ஒரே ஒரு கேள்வி. என்.எம்.எம்.எஸ்.-இலும் தப்பு விடைகள் சும்மா வருவதில்லை, பையனுக்கு அதை மோப்பம் பிடிக்கத் தெரிந்தால் நிமிடத்துக்கு ஒன்று என்பது அவ்வளவு பயமாக இருக்காது.

டீச்சருக்கு இன்னொன்று. அந்த 24 சதவீதத்தைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் தாழ்வா உயர்வா என்று கணக்குப் போட வேண்டாம். அவர்கள் நாடு முழுக்கப் பொறுக்கி எடுத்தது, உங்களுடையது பதினாலு பேர். தமிழ்நாடே ஒருமுறை இமாச்சலத்தோடு சேர்ந்து பீசா எழுதியிருக்கிறது, 2009 சுழற்சியின் நீட்டிப்பில். பட்டியலில் கடைசிக்குப் பக்கத்தில் வந்தோம். அப்போது எல்லோரும் இடத்தைப் பற்றித்தான் பேசினார்கள். எந்தக் கேள்வியில் எந்தத் தப்பு விடையில் நம் பிள்ளைகள் போய் விழுந்தார்கள் என்று என் ஸ்டாஃப் ரூமில் ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

---

திண்ணைக்கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஜெராக்ஸ் தம்பி சொன்னபடி தாளின் அடியில் வரி சேர்த்துவிட்டேன்.

பென்சில் வேலையைச் செய்து பார்த்தேன். நான் சேர்த்து வைத்திருந்த முப்பத்தொரு கேள்வியில் பதினெட்டுக்குத்தான் எல்லாத் தப்பு விடைக்கும் காரணம் எழுத முடிந்தது. மீதியைத் தனியாக வைத்துவிட்டேன். அதில் நாலைந்து கேள்விகளில் நானே ‘எளிமை’ என்று எண்ணை மாற்றி, தப்பு விடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறேன். ஒன்றில் சரியான விடையே இல்லை. இரண்டு வாரமாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஒருத்தரும் சொல்லவில்லை. மிஸ் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஈர்க்குச்சிக் கணக்கை வெள்ளிக்கிழமை வைத்தேன். துடைப்பத்திலிருந்து உருவி, என் மகளின் உடைந்த ஸ்கேல் மேல் 8-ல் தொடங்கி வைத்தேன். ஆறாவது படிக்கிற ஐந்து பேரில் மூன்று பேர் 10½. ஒருத்தி 3½. அவளை விரல் வைத்து எண்ணச் சொன்னேன். 8-ல் விரல் வைத்து “ஒண்ணு” என்றாள். அங்கேதான் இருக்கிறது! கோட்டை எண்ணுகிறாள், இடைவெளியை எண்ணவில்லை. “நம்ம வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே ஒரு அடி நடந்தாச்சுன்னு சொல்லுவியா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஸ்கேலையே பார்த்தாள். அப்புறம் விரலை 8-ல் வைத்து, ஒன்றும் சொல்லாமல், 9-க்கு நகர்த்தி, “ஒண்ணு” என்றாள்.

28, 29-ஐயும் சார் சொன்னபடி ஜோடியாகக் கொடுத்தேன். நெல்லில் பதினாலு பேரும் 28, அந்தப் பையனின் தாத்தா புண்ணியத்தில். பந்தியில் பதினோரு பேர் 29. ஒருத்தன், “கடைசிப் பந்தியில் எட்டுப் பேருக்கு எதுக்கு மிஸ் தனியா இலை போடணும், அவங்க வீட்டு ஆளுங்கதான், அடுப்படியிலேயே சாப்பிட்டுக்குவாங்க” என்றான். சிரித்துவிட்டேன், ஆனாலும் 29 எழுதச் சொன்னேன்.

சரி, இனி ஊர்க் கணக்கே வேண்டாம், மூலத்தில் உள்ளபடி பஸ்ஸையே கொடுப்போம் என்று நேற்று 1,128 பேர், 36 சீட் என்று போட்டேன். ராணுவ வீரர் என்பதை மட்டும் வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் என்று மாற்றினேன். எல்லோரும் வகுத்தார்கள். 31, மீதி 12. ஒவ்வொருவராக 32, 32 என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் அதே ஏழாம் வகுப்புப் பையன், தாத்தாவின் பேரன், நோட்டை நீட்டினான்.

“31 பஸ், 1 ஷேர் ஆட்டோ.”

பாபநாசத்தில் ஷேர் ஆட்டோவில் பன்னிரண்டு பேர் ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன், ஏறியும் இருக்கிறேன். இதற்கு என்ன போடுவது? நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தாத்தா நாளைக் காலையில் வந்துவிடுவார்.